போன் இருக்கிறதே, போதாதா? சைக்கிள் ஓட்டுபவரின் அடையாளத் துண்டு பற்றி

கேள்வி இதுதான்: "வாரத்தில் நாலு நாள் விடியற்காலையில் தனியாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். போன் எப்போதும் கூடவே இருக்கிறது, அதில் வீட்டு எண் முதல் எல்லாம் இருக்கிறது. இதற்கு மேல் அடையாள அட்டை, மணிக்கட்டுப் பட்டை என்று எதையாவது மாட்டிக்கொண்டு போக வேண்டுமா? வேண்டுமென்றால் எதை வாங்குவது, அதில் என்ன எழுதுவது?"

வேண்டும். போனை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எதை வாங்குவது என்பது இதில் ஆகச் சின்ன விஷயம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் பிடிவாதம் அங்கிருந்து வந்ததுதான். மழை விட்ட ஒரு காலை. வளைவில், சாலையில் அடித்திருந்த வெள்ளைக் கோட்டின் மேல் முன்சக்கரம் ஏறியது, அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். மிச்சமெல்லாம் அங்கே நின்றவர்கள் பிறகு சொன்னது. நான் மயங்கிக் கிடக்கவில்லையாம். எழுந்து ஓரமாக உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு "என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறேன். விழுந்துவிட்டீர்கள் என்றார்கள். "ஓ, சரி" என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிஷத்தில் மறுபடியும் "என்ன ஆச்சு?" இப்படி ஏழெட்டு முறை. வீட்டு எண் என்ன என்று கேட்டதற்குக் கொஞ்சமும் தடுமாறாமல் ஒரு எண்ணை ஒப்பித்திருக்கிறேன். அது நாங்கள் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒப்படைத்துவிட்ட லேண்ட்லைன். போன் ஹேண்டில்பார் மவுன்ட்டிலிருந்து கழன்று பறந்து புதருக்குள் போய்விட்டது. வீட்டிலிருந்து அதற்குப் பதினெட்டு முறை அழைப்பு வந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. சரியான எண் என் வாயிலிருந்து வர மூன்று மணி நேரம் ஆனது.

ஆகவே, "நினைவு தப்பிக் கிடந்தால்தானே இதெல்லாம் தேவைப்படும், அது எத்தனை பேருக்கு நடக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. தலையில் அடிபட்டால் மூளை கொஞ்ச நேரம் புதிதாக எதையும் பதிந்துகொள்ளாது, பழையதும் புதியதும் கலங்கிப்போகும். ஆனால் ஆள் உட்கார்ந்திருப்பார், பேசுவார், ஜோக் அடித்தால் சிரிப்பார்கூட. பார்ப்பவர்களுக்கு 'நன்றாகத்தான் இருக்கிறார்' என்று தோன்றும். அந்த நேரத்தில் உங்கள் பெயர், எண், மருந்து பற்றியெல்லாம் உங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம்பி இருக்க முடியாத காரியம். கையில் கட்டியிருக்கும் பட்டை உளறாது.

சரி, அந்தத் துண்டை யார் படிக்கப்போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் வருபவர் வழிப்போக்கர். நடைப்பயிற்சிக்கு வந்தவர், பால் வண்டிக்காரர், யாரோ. அவருக்கு மருத்துவம் தெரியாது, பதற்றத்தில் இருப்பார், எல்லாவற்றுக்கும் மேல் முன்பின் தெரியாத ஆளின் பாக்கெட்டுக்குள் கைவிடத் தயங்குவார். 'நாளைக்குப் பர்ஸைக் காணோம் என்று நம் தலையில் விழுந்தால்?' என்ற பயம் நியாயமானதுதான். அதனால் அவர் கண்ணில் தானாகப் படும் இடத்தில், கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவு எழுத்தில், ஒரு பெயரும் ஒரு போன் எண்ணும் இருக்க வேண்டும். பெயர் எதற்கு என்று கேட்கலாம். ஒருவருக்கு நினைவு இருக்கிறதா என்று பார்க்க, பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் முதல் வேலை. "சார், சார்" என்று உலுக்குவதைவிடப் பெயருக்குத்தான் ஆள் சட்டென்று திரும்புவார்.

அடுத்து ஆம்புலன்ஸ்காரர்கள். அவர்கள் உங்கள் குடும்பத்தைத் தேடிக்கொண்டு நிற்க மாட்டார்கள், மூச்சு, ரத்தப்போக்கு, கழுத்து என்று அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஆனால் நாடி பார்க்க மணிக்கட்டைத் தொடுவார்கள், கழுத்தைத் தொடுவார்கள். அங்கே ஏதாவது இருந்தால் படித்துவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது மருந்து ஒவ்வாமை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை நோய், வலிப்பு போன்றவை.

மூன்றாவதாக ஆஸ்பத்திரி. அங்கே போய்ச் சேரும்போது உங்களோடு என்னென்ன மிச்சம் இருக்கும் என்பதை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள். சைக்கிள் சாலையோரத்தில் நிற்கும், அதோடு சீட்டுக்கு அடியில் தொங்கும் பையும். ஹெல்மெட் யாரோ ஒருவர் கையில். ஜெர்சியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருப்பார்கள், பின்பாக்கெட்டில் இருந்தது ஸ்ட்ரெச்சரிலோ தரையிலோ. ஷூ ஒன்று இருக்கும், ஒன்று இருக்காது. உடம்போடு கட்டியிருந்தது மட்டும்தான் பெரும்பாலும் கூடவே வந்து சேரும்.

இதனால்தான் சீட்டுப் பைக்குள் அடையாள அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பஞ்சர் ஒட்டும் பொருளோடு அதுவும் அங்கேயே நிற்கும், விழுந்தவர் பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் படுத்திருப்பார். ஹெல்மெட்டில் எழுதுவதும் இரண்டாம் பட்சம்தான். அதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு: நிரந்தர மார்க்கர் பேனாவின் கரைப்பான் ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரையைக் கெடுக்கக்கூடும், சில பசைகளும் அப்படியே, ஹெல்மெட் தயாரிப்பாளர்களே கண்டதையும் ஒட்டாதீர்கள், பூசாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால் தாடை நாடாவில் ஒரு சின்னத் துணி லேபிளைச் சுற்றி மாட்டுங்கள். ஷூவில் மாட்டும் தகடு ஓட்டப்பந்தயக்காரர்களுக்குப் பிடித்தது, ஆனால் முதலில் கழன்று போவதும் ஷூதான். கழுத்துச் சங்கிலி நல்லது, சட்டைக்குள் கிடந்தாலும் மருத்துவப் பணியாளர் கண்ணில் படும். வழிப்போக்கர் கண்ணில் படாது. நான் மணிக்கட்டு என்றுதான் சொல்வேன். கடிகாரம் ஒரு கை, பட்டை மறு கை. இறுக்கமாக இல்லாமல், ஆனால் கையை உதறினால் கழலாத அளவுக்கு. கையில் எதையும் கட்டப் பிடிக்காதவர்கள் கணுக்காலில் கட்டலாம், குட்டைக் கால்சட்டை போட்டு ஓட்டும்போது அதுவும் கண்ணில் படும் இடம்தான்.

என்ன எழுதுவது என்பதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். முதலில் செய்தபோது என் பட்டையில் ஐந்து வரி. முதல் வரி பெயர், முழுப்பெயராக. இரண்டாவது பிறந்த வருஷம், தேதி வேண்டாம், வயதும் வேண்டாம் (வயது வருஷா வருஷம் பொய்யாகும்). மூன்றாவது "மனைவி" என்று போட்டு அவர் எண். நான்காவது "அண்ணன்" என்று போட்டு அவர் எண். ஐந்தாவது "பெனிசிலின் அலர்ஜி". அவ்வளவுதான். எண்களுக்கு முன்னால் கூட்டல் குறியோடு நாட்டுக் குறியீடும் உண்டு, வெளிநாட்டுச் சிம் வைத்திருப்பவர் அழைத்தாலும் இணைப்புக் கிடைக்கும், வேறு நாட்டில் ஓட்டப் போனால் அதே பட்டை போதும். எண்ணுக்குப் பக்கத்தில் உறவைப் போடுவது முக்கியம். அழைப்பவருக்கு எதிரில் இருப்பவர் யார் என்று தெரிந்தால்தான் எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியும். அம்மாவிடம் சொல்வதும் ஆபீஸ் நண்பரிடம் சொல்வதும் ஒன்றல்ல.

எந்த மொழி என்று அடுத்து கேட்பீர்கள். நீங்கள் ஓட்டும் சாலையில் போகிறவர்கள் படிக்கும் மொழி, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் மருத்துவர்கள் எழுதும் மொழி. இரண்டும் வேறு வேறு என்றால் உறவையும் பெயரையும் முதலாவதில் போடுங்கள், நோயையும் மருந்தையும் இரண்டாவதில்.

வீட்டு முகவரி போடாதீர்கள். சாலையில் யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை, எண் இருந்தால் போதும். பட்டை எங்கேயாவது கழன்று விழுந்தால் மட்டும் முகவரி இன்னொருவருக்குப் பயன்படும், அந்த இன்னொருவர் யார் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

இப்போது பிளட் குரூப். பட்டை செய்பவர்கள் பாதிப் பேர் பெயருக்கு அடுத்தபடியாக அதைத்தான் பொறிக்கிறார்கள், பெரிய எழுத்தில், சிவப்பில். உண்மையைச் சொன்னால் அதற்கு இருக்கும் பயன் மிகக் குறைவு. எந்த ஆஸ்பத்திரியும் கையில் எழுதியிருப்பதை நம்பி ரத்தம் ஏற்றாது, மாறினால் உயிர் போகும் விஷயம். உங்கள் ரத்தத்தை எடுத்து வகை பார்த்து, ஏற்றப்போகும் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்றும் சோதித்த பிறகுதான் ஏற்றுவார்கள். அதற்குக்கூட நேரமில்லாத அளவு ரத்தம் போய்க்கொண்டிருந்தால் ஓ நெகட்டிவ், ஆண்களுக்குப் பல இடங்களில் ஓ பாசிட்டிவ், ஏற்றத் தொடங்கிவிடுவார்கள், பட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இடம் மிச்சம் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அதற்காக ஒவ்வாமையை வெளியே தள்ளாதீர்கள்.

பட்டையில் கட்டாயம் இடம்பிடிக்க வேண்டியவை எவை என்றால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைதான் என் பட்டியலில் முதலில். வார்ஃபரின், அபிக்ஸபான், ரிவராக்ஸபான், குளோபிடோக்ரெல் என்று எதைச் சாப்பிட்டாலும் அந்தப் பெயரையே எழுதுங்கள். ஐம்பதைத் தாண்டிச் சைக்கிள் ஓட்ட வந்தவர்களில், இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள் பலர் இவற்றைச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குத் தலையில் லேசாக அடிபட்டாலும் மண்டைக்குள் ரத்தம் கசியும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம், அது உடனே வெளியே தெரியாமலும் போகலாம். பட்டையில் அந்த ஒரு சொல்லைப் பார்த்தால் மருத்துவர் 'எதற்கும் ஸ்கேன் எடுத்துவிடலாம்' என்று முடிவு செய்வார். பார்க்காவிட்டால் வெளியே காயம் இல்லையே என்று வீட்டுக்கு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அதை எழுத வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ரொம்பக் குறைந்தால் நாக்குக் குழறும், நடை தள்ளாடும், எரிச்சல் வரும், பார்ப்பதற்கு அசல் குடிகாரர் மாதிரியே இருக்கும். காலை ஆறு மணிக்குச் சாலையோரம் உளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வலிப்பு உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்: விழுந்ததால் வலிப்பு வந்ததா, வலிப்பு வந்ததால் விழுந்தாரா என்பது சிகிச்சையின் போக்கையே மாற்றும். நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா உள்ளவர்கள் எல்லாரும் எழுத வேண்டியவர்கள். கொலஸ்டிரால் மாத்திரை, வைட்டமின், பத்து வருஷத்துக்கு முன் எடுத்த குடல்வால் இதெல்லாம் வேண்டாம். ஒரு பட்டையில் பன்னிரண்டு வரி இருந்தால் யாரும் ஒரு வரியையும் படிக்க மாட்டார்கள்.

நோய் உள்ளவர்கள் சாதாரண விளையாட்டுப் பட்டைக்குப் பதில் மருத்துவ அடையாளம் பொறித்த பட்டையை எடுப்பது நல்லது. கோலில் பாம்பு சுற்றிய படம், அல்லது அந்தப் படத்தை நடுவில் வைத்த ஆறு முனை நீல நட்சத்திரம், இவற்றைப் பார்த்தால் ஆம்புலன்ஸ்காரர்கள் இது அலங்காரம் இல்லை என்று புரிந்துகொள்வார்கள். இந்த வழக்கமே ஒரு வீட்டிலிருந்து கிளம்பியதுதான். 1953இல் கலிஃபோர்னியாவில் மரியன் காலின்ஸ் என்ற மருத்துவரின் மகளுக்கு டெட்டனஸ் எதிர்ப்பு ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கே ஆபத்தாகிப் பிழைத்தாள். அடுத்த தடவை தெரியாத ஒருவர் ஊசி போட்டுவிடக் கூடாதே என்று மகளுக்குப் பட்டை செய்து மாட்டிய அந்தக் குடும்பம்தான் 1956இல், இப்படி மருத்துவ அடையாளப் பட்டை வழங்கும் மெடிக்அலர்ட் அமைப்பைத் தொடங்கியது.

போனுக்கு வருகிறேன். போனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, அதைச் சரியாகத் தயார் செய்யாமல் நம்பாதீர்கள் என்கிறேன். 2005இல் இங்கிலாந்தில் பாப் பிராட்சி என்ற ஆம்புலன்ஸ் பணியாளர் ஒரு யோசனை சொன்னார்: ஆங்கிலத்தில் 'இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி' என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஐஸ்' என்று ஒரு பெயரில் அவசர எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள் என்று. அடிபட்டவர்களின் போனில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருந்தும் யாரை அழைப்பது என்று தெரியாமல் திண்டாடிய அனுபவம் அவருக்கு. அந்த ஜூலையில் லண்டனில் குண்டு வெடித்த பிறகு யோசனை உலகமெங்கும் பரவியது. ஆங்கிலம் தெரியாதவர்களுக்காக 2008இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடும் முறையையும் பரிந்துரைத்தது. எல்லாம் சரி, ஆனால் அது பலர் போனைப் பூட்டி வைக்காத காலத்து யோசனை. இன்றைக்குக் காண்டாக்ட் பட்டியலில் 'ஐஸ்' என்று போட்டு வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், வீட்டுக்குள் பூட்டிய அலமாரியில் சாவியை வைத்திருப்பவர்கள். விரல் ரேகை வைத்துத் திறக்கலாமே என்பீர்கள். கையுறை, ரத்தம், சிராய்ப்பு, வீங்கிய முகம். அது வழிப்போக்கர் செய்கிற காரியமும் இல்லை.

பூட்டைத் திறக்காமல் தெரிகிற மாதிரி செய்ய வழி இருக்கிறது. ஐபோனில் 2014 முதல் ஹெல்த் செயலிக்குள் மெடிக்கல் ஐடி என்று ஒன்று உண்டு. அதில் ஒவ்வாமை, மருந்து, அவசரத் தொடர்பு எல்லாம் நிரப்பிவிட்டு, பூட்டியிருக்கும்போதும் காட்டு என்ற விருப்பம் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். அதில் தொடர்பு கொடுத்திருந்தால், போனிலிருந்து அவசர அழைப்பு முறையில் உதவி கேட்கும்போது அந்தத் தொடர்புகளுக்கு இருக்கும் இடமும் செய்தியாகப் போகும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் அவசரத் தகவல் என்று தேடினால் கிடைக்கும். பூட்டுத்திரையில் அவசர அழைப்பைத் தொட்டால் அது தெரியும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் கொஞ்சம் மாறும்.

ஆனால் அந்தத் திரைக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்பதே சாலையில் போகிறவர்கள் பலருக்குத் தெரியாது. அதனால் நான் செய்வது இதைவிட எளிமையானது: பூட்டுத்திரையில் வரும் படத்திலேயே எழுதி வைப்பது. ஒரு படத்தின் மேல் "அவசரம் என்றால்" என்று போட்டு இரண்டு எண்களை எழுதி, அதையே வால்பேப்பராக வைத்துவிட்டால் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினாலே தெரியும். அழகாக இருக்காது, சைக்கிளில் கிளம்பும்போது மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எழுத்தைத் திரையின் நடுவிலிருந்து கொஞ்சம் கீழே போடுங்கள், மேலே போட்டால் கடிகாரம் மறைத்துவிடும்.

இடையில் ஒன்று, விழுந்தவருக்கு இல்லை, பார்ப்பவருக்கு: அடிபட்டவரின் போன் பூட்டியிருந்தாலும் அதற்கு வரும் அழைப்பை எடுக்கலாம். 'வீடு' என்றோ 'அப்பா' என்றோ திரையில் மின்னிக்கொண்டிருக்க, அடுத்தவர் போன் ஆச்சே என்று எடுக்காமல் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எடுங்கள். நிதானமாக இடத்தைச் சொல்லுங்கள். அப்புறம், ஹெல்மெட்டை நீங்களாகப் பிடித்து இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்தில் அடி இருந்தால் விபரீதமாகும்.

கடிகாரமும் ஹேண்டில்பாரில் மாட்டும் சைக்கிள் கணினியும் விழுந்ததைத் தாமே கண்டுபிடித்துச் சொல்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. ஆப்பிள் வாட்ச் 2018இல் வந்த சீரிஸ் 4 மாடலிலிருந்து விழுவதைக் கண்டறிகிறது, 2021இல் சைக்கிள் ஓட்டும்போது விழுவதற்கென்று மேம்படுத்தினார்கள். ஒரு நிமிஷம் போல அசையாமல் கிடந்தால் தானே உதவிக்கு அழைக்கும். 2022இல் ஐபோன் 14இல் வந்த விபத்துக் கண்டறிதல் கார் மோதல்களை மனதில் வைத்துச் செய்தது, சைக்கிளுக்கு அதை நம்ப வேண்டாம். கார்மின் கம்பெனியின் கடிகாரங்களும் சைக்கிள் கணினிகளும் கூட இருக்கும் போன் வழியாக உங்கள் ஆட்களுக்குச் செய்தி அனுப்பும், போனுக்குச் சிக்னல் இல்லாவிட்டால் அனுப்ப முடியாது. இவை எல்லாம் நல்லவைதான், தனியாக ஓட்டுபவர் போட்டுக்கொள்வதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அவை வீட்டுக்கு 'எங்கே' என்று சொல்கின்றன. பக்கத்தில் நிற்பவருக்கு 'யார்' என்று சொல்வதில்லை. இன்னொரு தொல்லை, சட்டென்று பிரேக் பிடித்தாலும் பள்ளத்தில் இறங்கினாலும் அவ்வப்போது பொய்யாகச் செய்தி போய்விடும், உடனே ரத்து செய்ய வேண்டும். நாலு தடவை அப்படிப் போனால் 'புலி வருது' கதைதான், ஐந்தாவது தடவை வீட்டில் யாரும் பதற மாட்டார்கள்.

க்யூஆர் கோடு போட்ட பட்டைகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. படிக்கப் போன் வேண்டும், இணையம் வேண்டும், அந்தக் கம்பெனியின் சர்வர் உயிரோடு இருக்க வேண்டும், சந்தா கட்டியிருக்க வேண்டும். ரத்தமும் மண்ணும் அப்பினால் கோடு படிக்கவும் செய்யாது. மருந்துப் பட்டியல் நீளமாக இருப்பவர்கள் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், எண்ணை எழுத்தில் பொறித்த பிறகு.

அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை இவற்றின் அசலைக் கொண்டுபோக வேண்டுமா? நெதர்லாந்தில் 14 வயதிலிருந்து எல்லாரும் கேட்டால் அடையாளச் சான்றைக் காட்ட வேண்டும், பெல்ஜியத்தில் 15 வயதிலிருந்து அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அந்த மாதிரி இடங்களில் ஓட்டினால் அசல்தான். அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் லேமினேட் செய்த நகல் போதும் என்பது என் வழக்கம். ஜெர்சியின் நடுப் பின்பாக்கெட்டில், கொஞ்சம் பணத்தோடு, ஜிப் வைத்த சின்னப் பிளாஸ்டிக் உறையில். உறை ஏன் என்றால் வியர்வை. ஒரு கோடைக்காலத்தில் வெறும் காகிதத்தை மடித்து வைத்திருந்தேன், இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஜெல் பேனா எழுத்து முழுக்க நீலக் கறையாகி, மடிப்புக்கு மடிப்புக் கிழிந்து, எண்ணில் கடைசி மூன்று இலக்கம் மட்டும் பத்திரமாக இருந்தது. காகிதத்தில் எழுதுவதென்றால் பென்சிலால் எழுதுங்கள், நனைந்தாலும் ஓடாது.

குழுவாக ஓட்டுபவர்களுக்கு இது தேவையில்லை என்று நினைக்க வேண்டாம், அங்கேதான் வேடிக்கை அதிகம். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட ஓட்டும் ஆளின் சைக்கிள் என்ன மாடல், எந்த கியர், எத்தனை எடை எல்லாம் தெரியும், அவர் முழுப்பெயர் தெரியாது. எங்கள் குழுவில் ஒருவர் விழுந்தபோது ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதப் பெயர் கேட்டார்கள், ஒன்பது பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எல்லாரும் அவரைக் கூப்பிடுவது பட்டப்பெயரில். அதற்குப் பிறகுதான் குழு நடத்துபவரிடம் ஆளுக்கு ஒரு பெயர், ஒரு வீட்டு எண் என்று பட்டியல் இருக்கட்டும் என்று வைத்தோம். போட்டிகளில் சட்டையில் குத்தும் எண் அட்டையின் பின்பக்கத்தில் அவசரத் தொடர்பு எழுத இடம் விட்டிருப்பார்கள், நூற்றில் எத்தனை பேர் அதை நிரப்புகிறார்கள் என்று அடுத்த தடவை வரிசையில் நிற்கும்போது சும்மா பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரே ஒரு மாற்றம். பெயர் வெளியே தெரிய வேண்டாம். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தெரிந்தவர் என்று குழந்தை நம்பிவிடும். பட்டையின் உள்பக்கத்தில் பெயர், வெளிப்பக்கத்தில் அப்பா அம்மா எண்.

சரி, எதை வாங்குவது? எழுத்து அச்சடித்ததாக இல்லாமல் பொறித்ததாக இருக்கட்டும். அச்சு, வியர்வையிலும் சன்ஸ்கிரீனிலும் சில மாதத்தில் மங்கும். துருப்பிடிக்காத ஸ்டீல் தகடு, சிலிக்கான் அல்லது துணிப் பட்டை. தகட்டைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிந்தால் நல்லது, எண் மாறினால் முழுப் பட்டையையும் தூக்கிப் போட வேண்டாம். இதற்கு மேல் கம்பெனி பெயர் பார்க்க ஒன்றும் இல்லை, சாவி வெட்டுபவர், பெயர்ப்பலகை செய்பவர் யாரிடமாவது ஒரு சின்னத் தகட்டில் பொறித்து வாங்கி நாடாவில் கோத்துக்கொண்டாலும் அதே வேலைதான். அது வந்து சேரும்வரை சும்மா இருக்காதீர்கள், இன்று ராத்திரி ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி, இரண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, கடிகாரப் பட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எண்ணின் மறுமுனையில் இருப்பவர். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. உங்களோடு சேர்ந்து ஓட்டுபவரின் எண்ணை முதல் எண்ணாகப் போடாதீர்கள், விழுந்தால் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்திருக்கலாம். காலை ஐந்தரை மணிக்குப் போனை எடுக்கக்கூடியவரா என்று பாருங்கள். உங்கள் மருந்துகள், காப்பீடு எங்கே இருக்கிறது, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் யார் என்று அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட, தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை அவர் எடுப்பாரா? விபத்து நடந்த இடத்திலிருந்து வரும் அழைப்பு எப்போதுமே தெரியாத எண்தான். விளம்பரத் தொல்லை தாங்காமல் பாதிப் பேர் அந்த மாதிரி அழைப்புகளை எடுப்பதில்லை, இன்னும் பலர் அவை ஒலிக்கவே கூடாது என்று போனிலேயே அடைத்து வைத்திருக்கிறார்கள்.

நான் பட்டை செய்து மாட்டிக்கொண்ட வாரம், பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கி, பட்டையில் இருந்த இரண்டு எண்ணுக்கும் அழைத்துப் பார்த்தேன். மனைவி இரண்டாவது மணியில் எடுத்தார். அண்ணன் எடுக்கவில்லை, மூன்று தடவை. சாயங்காலம் என் எண்ணிலிருந்து கூப்பிட்டுக் கேட்டால், "ஏதோ லோன் வேணுமான்னு கேக்கறவன்னு நினைச்சேன்டா" என்றார். இப்போது பட்டையின் நான்காவது வரியில் இருப்பது அண்ணியின் எண்.